தண்ணீர் வராத கோயில் கிணறு

அந்தக் கிணற்றில் கடைசிவரை தண்ணீர் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்திருந்தால் ஏதாவது ஒரு பிரசங்கியார் அதை ஊர் ஊராகச் சொல்லியிருப்பார்; நான் எழுத வேண்டியிருக்காது. மழைக்காலத்தில் கொஞ்சம் நீர் தேங்கும், தவளை கத்தும், பங்குனி பிறந்தால் காய்ந்துவிடும். பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று பிற்பாடு கல்பலகை போட்டு மூடிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பலகையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் பாதி தூரம் நடந்து, மேற்கே மலையைப் பார்த்துத் திரும்பினால் எங்கள் குடியிருப்பு. நான் சொல்வது வெள்ளைக்காரன் காலம், இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய வருஷங்கள். எங்கள் ஆண்களுக்குக் கிணறு வெட்டுவதுதான் பிழைப்பு. வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்கிற ஒரு சம்சாரி எங்கே கிணறு போட நினைத்தாலும் எங்களைத் தேடி ஆள் வரும். கடப்பாரையையும் சம்மட்டியையும் தோளில் போட்டுக்கொண்டு இருட்டோடு புறப்படுவோம்.

ஊருக்கெல்லாம் கிணறு வெட்டிய எங்களுக்குக் கிணறு கிடையாது. ஊர்க் கிணற்றில் எங்கள் பெண்கள் வாளி போட முடியாது. ஓடை மணலைத் தோண்டி, ஊறுகிற வரை உட்கார்ந்திருந்து, தேங்காய்ச் சிரட்டையால் கோரிக் குடத்தை நிரப்புவார்கள். நாங்கள் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த பிறகும் ஓடை அதே ஓடைதான்.

ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஓடை இல்லை. வெடி போட்ட கிணற்றிலிருந்து எழும் கரிமருந்து வாசனை. சுட்ட கல்லும் கந்தகமும் ஈரமண்ணும் கலந்த வாசனை. இன்றைக்கு எங்காவது தீபாவளி வெடி நாறினால்கூட எனக்கு அந்தக் கம்பங்கஞ்சியும், கடித்துக்கொண்ட வெங்காயமும், வேலை முடிந்து தெற்கத்திக் காற்றில் சட்டையில்லாமல் நடந்து வந்த மாலைகளும் கூடவே வந்துவிடும். உடம்பு முறிகிற வேலைதான். ஆனால் கூட இருந்தவர்கள் நல்லவர்கள்.

ஐயாதுரைதான் எங்கள் செட்டுக்குத் தலைவர். வழுக்கைத் தலை, பெரிய தொண்டை. பால்துரை மருந்துக்காரன். பாறையில் துளை போட்டு, மருந்து இடித்து, செம்மண் அடைத்து, திரி வைப்பது அவன் வேலை. நான் மேலே கப்பிக்கயிறு பிடிக்கிறவன். என் பேர் சோலைராஜ். மற்றவர்கள் கல் சுமப்பவர்கள். ஐயாதுரையும் பால்துரையும் ஒரு தட்டில் கஞ்சி குடிப்பவர்கள். பால்துரைக்குப் பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஐயாதுரை அதை வைத்தே நாள் முழுக்க அவனை வாட்டுவார்.

"ஏலே, பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி காதுல கெடக்க கல்லுத்தூசிய எடு. சம்மதம்னு அவ சொன்னாலும் ஒனக்குக் கேக்காது. திரும்பி வந்துருவ."

எங்கள் தொழிலில் இரண்டு வழக்கங்கள் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. ஒன்று, திரி கொளுத்தினவன்தான் வெடித்த பிறகு முதலில் இறங்க வேண்டும். வெடிக்காத குழி ஏதும் கிடந்தால் அது அவன் பொறுப்பு, அவன் உயிர். இரண்டாவது, தண்ணீர் காட்டினால்தான் கடைசிக் கூலி. பாறையோடு மல்லுக்கட்டி எத்தனை ஆழம் போயிருந்தாலும் ஊற்றுக்கண் திறக்காத கிணற்றுக்குக் கடைசிக் கூலியைக் கேட்கமாட்டோம். சம்சாரி இரக்கப்பட்டுக் கொடுத்தாலும் வாங்கமாட்டோம். அது எங்கள் மானம்.

செண்பகத்தோப்புப் பக்கம், மலையின் காலடியில், ராஜபாளையத்து ராஜு ஒருவர் மாந்தோப்புக்குக் கிணறு போட்டார். அது வரை நாங்கள் வெட்டியதெல்லாம் சமவெளியில். அங்கே ஒரு வெடிக்கு ஒரு சத்தம்தான். மலையடியில் அப்படியில்லை. வெடித்த சத்தம் போய் மலையில் முட்டித் திரும்பி வரும். நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்தோமே தவிர, யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் நற்கருணை ஆராதனை. எங்கள் சபைக்கு ஐயர், குருப்பட்டம் பெற்ற போதகர், எப்போதாவதுதான் வருவார். மற்ற வாரமெல்லாம் ஆராதனை நடத்துவது தேவஇரக்கம் உபதேசியார்தான். ஐயர் வந்தால்தான் ராப்போஜனம், அப்பமும் ரசமும் வாங்குகிற நற்கருணை. அதனால் எல்லோருக்கும் சீக்கிரம் வீடு போய்க் குளிக்கிற அவசரம். பால்துரை வரிசையாகத் திரிகளைக் கொளுத்திவிட்டுக் கயிற்றில் ஏறி வந்தான். மரத்துக்குப் பின்னால் பதுங்கி விரலை மடக்கி எண்ணினான். அத்தனையும் வெடித்துவிட்டது என்றான். மலை திருப்பிச் சொன்ன சத்தத்தையும் ஒரு வெடியாக எண்ணியிருக்கிறான். ஒரு குழி வெடிக்காமலே கிடந்தது.

புகை அடங்கியதும் அவன் இறங்கக் கயிற்றைப் பிடித்தான். ஐயாதுரை அவன் தோளைத் தட்டி விலக்கினார். நீ பீடியக் குடிச்சு முடி, நான் எறங்குதேன் என்றார். வழக்கம் அதுவல்ல. பால்துரைக்கும் தெரியும். ஆனால் பீடி பாதியில் இருந்தது, உடம்பெல்லாம் களைப்பு, அண்ணன்தானே சொல்கிறார். விட்டுவிட்டான். அவர் கீழே போய்க் கடப்பாரையை முதல் தடவை ஊன்றியதும் அந்தக் குழி வெடித்தது.

கூடையில் வைத்துத்தான் மேலே எடுத்தோம். அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

போலீஸ் வந்தது, கிராம முன்சீப் வந்தார், விபத்து என்று முடிந்தது. ராஜு நல்ல மனுஷன். அடக்கத்துக்கு வந்து வெயிலில் நின்றார். யாரும் பால்துரையைக் குற்றம் சொல்லவில்லை. ஐயாதுரையின் மனைவி பரிபூரணம்கூட வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவன் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அதற்கு முன்னால் தம்பி, தம்பி என்று கூப்பிட்டுச் சோறு போட்டவள்; அவனுக்கு அவள் மைனி, அண்ணன் பெண்டாட்டி. பிறகு பேச்சு வந்தால் "அந்த ஆளு" என்பாள்.

பிள்ளை இல்லாதவள். ராஜபாளையத்தில் பஞ்சு அரவை ஆலைக்குக் கூலிக்குப் போனாள். விடியுமுன் நடந்து போய், பொழுதுபோய்த் திரும்பி வருவாள். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டி, அந்த வயதிலேயே நரைத்தவள் மாதிரி இருப்பாள்.

பால்துரையும் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டான். மருந்தைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவான், வாசலோரம் உட்காருவான். ஐயர் வருகிற நாளில், பிரசங்கம் முடிந்து நற்கருணை ஆரம்பிக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவான். யாரும் அவனைத் தள்ளி வைக்கவில்லை. அவனே தன்னைத் தள்ளி வைத்துக்கொண்டான்.

அடுத்த அறுப்புப் பண்டிகையன்று சபை கூடியிருக்கும்போது எழுந்து நின்று, கோயில் வளாகத்தில் நான் ஒரு கிணறு வெட்டித் தருகிறேன், ஒற்றை ஆளாக, கூலி வேண்டாம் என்றான். தண்ணீர் வருகிற அன்றைக்கு ராப்போஜனத்துக்கு வாரேன் என்றான். உபதேசியார் கண்கலங்கிவிட்டார். ஸ்தோத்திரம் என்றார். சபையும் ஸ்தோத்திரம் என்றது. நானும்தான். எங்களுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஒரு மனிதன் தன் பாவத்துக்குத் தானே கூலி கொடுக்கப் பார்க்கிறான் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. உறைத்தவர்களுக்கும் ஓடை ஞாபகம் வந்திருக்கும்.

செட்டு வேலை முடிந்த சாயங்காலங்களிலும் சனிக்கிழமை மத்தியானங்களிலும் அவன் அதில் இறங்கினான். ஒற்றை ஆள் கிணறு வெட்ட முடியாது. கல்லை மேலே இழுக்க ஒரு கை வேண்டும். அது நான். வேறு யாரையும் கிட்டே விடமாட்டான். கொஞ்ச ஆழத்திலேயே கரும்பாறை வந்துவிட்டது. மருந்து போட்டால் கடகடவென்று போயிருக்கும். அவன் உளியாலும் சம்மட்டியாலும் கொத்தினான். ஒரு சாயங்காலம் முழுக்க அடித்தால் ஒரு கூடைச் சல்லி வரும். கட்டைவிரல் நசுங்கி நகம் விழுந்தது. பாறைச் சில்லு பட்டுக் கால் கிழிந்தது. பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் இறங்கினான். பெண்கள் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார்கள். குடிக்கமாட்டான். கூலியில்லாத வேலைக்குக் கஞ்சி எதற்கு என்பான்.

ஐயர் ஒருமுறை வந்திருந்தபோது கிணற்றடியில் நின்று அவனிடம் வெகுநேரம் பேசினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பெரியவர், சாது. கிருபை என்பது கூலி இல்லை, அதை யாரும் உழைத்து வாங்க முடியாது, கடவுள் சும்மா கொடுக்கிறார், நாம் கை நீட்டினால் போதும் என்றெல்லாம் எடுத்துச் சொன்னார். பால்துரை மரியாதையாகக் கேட்டான். சரி ஐயா என்றான். அவர் போனதும் இறங்கிக் கொத்த ஆரம்பித்தான்.

ஐயர் சொன்னது எனக்கும் அப்போது விளங்கவில்லை. எங்களுக்குக் கூலி தெரியும். கூலியில் பிடித்தம் தெரியும். சும்மா கொடுப்பது தெரியாது. எங்களுக்கு எவனாவது ஒன்றைச் சும்மா கொடுத்தால், பின்னாலேயே ஒரு வேலை சொல்லப்போகிறான் என்று அர்த்தம். அப்படிப் பழகிய உடம்பு கிருபையை நம்பாது. வாயால் பாடும், கையால் நம்பாது.

வருஷம் இரண்டு போய் மூன்றாவதும் நடந்துகொண்டிருந்தது. கிணறு ஆழமாகிக்கொண்டே போனது. பாறை ஈரம்கூடக் கசியவில்லை. பால்துரை மெலிந்துபோனான். கல்தூசி நெஞ்சில் கட்டி இருமினான். நான் நடுவில் ஒருமுறை, இங்கே ஊற்று இல்லை, எல்லா இடத்திலும் தண்ணீர் இருக்காது, உனக்கே தெரியும் என்றேன். தெரியும் என்றான். பிறகு எதற்கு வெட்டுகிறாய் என்றேன். கயிற்றைப் பிடித்து இறங்கினான்.

எங்கள் சம்மட்டிச் சத்தம் குடியிருப்பு முழுக்கக் கேட்கும். பரிபூரணத்தின் வீடு கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில். அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

அந்தச் சித்திரையில் ஓடை மணல் கையளவு ஆழத்தில் ஊறுவது நின்றுபோய், ஆள் இறங்கித் தோண்ட வேண்டியிருந்தது. பெண்கள் வெயிலில் குடத்தோடு காத்திருக்கிறபோது பேச்சு வந்திருக்கிறது. தங்கபாய் என்று ஒருத்தி, கெட்டவள் இல்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நமக்கும் ஒரு கிணறு வரப்போவுது, ஐயாதுரை உசுருக்கு ஆண்டவர் அதையாவது தாராரே என்று சொல்லியிருக்கிறாள். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். பரிபூரணம் அங்கேதான் இருந்தாள். பாதி நிரம்பிய குடத்தை மணலிலேயே கவிழ்த்துவிட்டு நடந்திருக்கிறாள்.

நேரே கிணற்றடிக்கு வந்தாள். சனிக்கிழமை, வெயில் சாயத் தொடங்கிய நேரம். மறுநாள் நற்கருணை. நான் கயிற்றோடு நின்றிருந்தேன். கீழே சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. அவள் இடுப்பில் வெறும் குடம். முகத்தைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கயித்தக் கட்டிப் போடு, செத்த நேரம் கூடைய எறக்காத என்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு விளிம்பில் குனிந்தாள்.

"ஏலே பால்துரை."

சம்மட்டி நின்றது. அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்டு மூன்று வருஷம் ஆகப்போகிறது. கீழே அவன் அண்ணாந்தது தெரிந்தது. கல்தூசி அப்பிய முகத்தில் கண் மட்டும்.

"அவிய உசுருக்கு ஒரு கெணறு கெடைக்கப் போவுதாம். ஓடையில பேசிக்கிடுதாளுக. அவியளுக்கு இந்தக் குழிதான் வெலையா?"

அவள் குனிந்தபடியே நின்றாள். அவன் குரல் பாறையில் உருண்டு மேலே வந்தது.

"வெலை இல்ல மைனி. என்னால ஆனது இதுதான்."

"ஒன்னால ஆனத யாரு கேட்டா?"

"கேக்காட்டியும் செய்யணும்லா. வெறுங்கையோட எப்படிப் போயி அங்க முழங்கால் போடுவேன்?"

"சரி, தண்ணி வந்துட்டு. பொறவு? அவிய எந்திரிச்சு வந்துருவாவளா?"

நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போய்விடலாமா என்று தோன்றியது. ஒரு மனிதனைக் கிணற்றில் விட்டுவிட்டுக் கயிற்றுக்காரன் போக முடியாது.

பரிபூரணம் சல்லிக் குவியல்மேல் உட்கார்ந்தாள். அந்தக் குவியல் முழுக்க அவன் கொத்தி நான் இழுத்துப் போட்டது. கோபம் இறங்கியது மாதிரி இருந்தது. இறங்கவில்லை, திசை மாறியது. இனி சொல்லப்போவதை ஐயரிடம்கூடச் சொல்லவில்லை என்றாள். என்னைப் பார்த்தும் சொல்லவில்லை, கிணற்றைப் பார்த்தும் சொல்லவில்லை. மலையைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ உள்ள கெடக்கிற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்ல, மன்னிக்கணும்னுகூட இல்ல. சத்தம் கேக்கும். நல்லா அடிக்கட்டும்னு படுத்துக் கெடப்பேன். பகை இருக்கவுக பந்திக்கு வராதீங்கன்னு ஐயரு சொல்லுவாரு. எனக்கு ஏது பகை, அந்த ஆளுதான தானா கெடந்து சாவுதான்னு போயி முழங்கால் போட்டேன். அப்பத்த வாங்கித் தின்னேன். இம்புட்டு நாளும் பொய்யத் தின்னுருக்கேன். நீ வெளிய நிக்க, நான் உள்ள பொய்யத் தின்னேன்."

கீழே சம்மட்டியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக வைத்தான்.

"மேல வா," என்றாள். "நான் மன்னிச்சாச்சு. ஒன் மூஞ்சியப் பாக்க எனக்குப் பிடிக்கல, இப்பவும் பிடிக்கல. ஆனா மன்னிச்சாச்சு."

"தண்ணி வரல்லியே மைனி."

"வராட்டிப் போவுது."

"தண்ணி காட்டாம எப்படி வாரது?"

பிடிவாதத்தில் அவன் அதைக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். எனக்கு அது தெரியும். ஊற்றுக்கண் திறக்காத கிணற்றுக்குக் கடைசிக் கூலியைக் கேட்கிறவன் எங்களில் கிடையாது. அந்த மானத்தை அவன் கடவுளிடமும் காட்டிக்கொண்டிருந்தான். பரிபூரணமும் கிணறு வெட்டுகிறவனின் பெண்டாட்டிதான். அவளுக்கும் அது விளங்கியது. அதனால் அவள் வாதாடவில்லை. எழுந்து சேலையைத் தட்டினாள்.

"நாளைக்கு ராப்போஜனம். நீ வராம நான் முழங்கால் போடமாட்டேன். நாளைக்குன்னு இல்ல, என்னைக்கும். ரெண்டு பேரும் வெளியவே கெடப்போம்."

குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் எடுக்க மறுபடியும் ஓடைக்குத்தான் போயிருப்பாள்.

அவன் சம்மட்டியை எடுத்து நாலைந்து அடி அடித்தான். சத்தம் சரியாக இல்லை. உளி நழுவுகிற சத்தம். பிறகு கயிற்றை ஆட்டினான். இழுத்தேன். மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தான். திரும்பக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"ஏலே சோலை, சும்மா வாங்குனா கை கூசாதா?"

எனக்குத் தெரியாது என்றேன். நான் எதையும் சும்மா வாங்கியதில்லை.

மறுநாள் ஐயர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். அப்போதைய கோயில் மண்சுவர், பனையோலைக் கூரை. சாணம் மெழுகிய தரையில் பாய். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு பனங்கட்டையைப் படுக்கவைத்திருக்கும். அதற்கு முன்னால் முழங்கால் போட வேண்டும். சிமெண்டுத் தரையும் பெஞ்சும் வந்த பிறகு எத்தனையோ ஆராதனைகளுக்குப் போயிருக்கிறேன். அந்த மெழுகின தரையின் குளிர்ச்சி முழங்காலில் ஏறியது மாதிரி எதுவும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை துவைத்த வேட்டியும், எண்ணெய் வைத்த தலையும், உபதேசியார் பாட்டை எடுத்துக்கொடுக்கிறபோது ஆளுக்கொரு சுருதியில் போகிற குரல்களும். எங்கள் கைகளுக்கு அந்த ஒரு காலைதான் வாரத்தில் வேலை இல்லை.

பால்துரை வாசலோரம் உட்கார்ந்திருந்தான். குளித்திருந்தான். ஐயர் பிரசங்கத்தை முடித்தார். வழக்கமாக அவன் எழுந்து போகிற நேரம் வந்தது. அவன் எழவில்லை. தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

எங்கள் சபையில் ஆண்கள் பந்தி முதலில், பெண்கள் பந்தி பிறகு. ஆண்கள் எழுந்து போனோம். முழங்கால் போட்டு வாங்கினோம். நான் திரும்பி வருகிறபோது அவனைப் பார்த்தேன், அசையவில்லை. ஆண்கள் முடிந்துவிட்டார்கள். உபதேசியார் பெண்கள் பக்கம் கையைக் காட்டினார். பெண்கள் எழுந்தார்கள். பரிபூரணம் எழவில்லை. ஆராதனைக்கு ஒருநாளும் தவறாதவள், ஐயர் வந்தால் முதலாவதாகப் போகிறவள். தங்கபாய் அவளைத் தொட்டு எழுப்பப் பார்த்தாள். அவள் கையைத் தள்ளிவிட்டாள். பெண்கள் போவதா நிற்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள்.

ஐயர் அப்பத் தட்டோடு காத்திருந்தார். உபதேசியார் அவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு நின்றபடியே இருந்தார். வெளியே ஐயரின் வண்டிமாடு கழுத்தை உதறிக்கொள்வது கேட்டது. அப்போது சபையில் பாதிப் பேருக்கு நடப்பது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். எந்திரிலே, எந்திரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்காகவும் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. கூலி பேசாமல் எங்களில் ஒருத்தன் எதையாவது வாங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அவன் எழுந்தான். நொண்டிக்கொண்டு நடுவே நடந்தான். பெண்கள் பந்தி நேரத்தில் ஓர் ஆண் போவதை அந்தக் கோயில் அதுவரை கண்டதில்லை. உபதேசியார் கையை உயர்த்தித் தடுக்கப் பார்த்தார். ஐயர் அவரை ஒரு பார்வை பார்த்தார்; கை இறங்கிவிட்டது. பால்துரை பனங்கட்டையின் ஓரத்தில் முழங்கால் போட்டான். காயம்பட்ட காலை ஒதுக்கி வைக்கத் தெரியாமல் தடுமாறினான். அதன் பிறகு பரிபூரணம் எழுந்துவந்து, ஓர் ஆள் இடம் விட்டு, அவன் பக்கத்தில் முழங்கால் போட்டாள். மற்றப் பெண்கள் அவளுக்கு அந்தப் பக்கம் வரிசையாக அமர்ந்தார்கள். நடுவில் விட்ட இடத்தில் யாரும் உட்காரவில்லை.

வலது கையை இடது கையின்மேல் வைத்து நீட்ட வேண்டும். அவன் நீட்டினான். விரல்கள் விரியவில்லை. மூன்று வருஷம் உளியையும் சம்மட்டியையும் பிடித்துப் பிடித்து விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன. கொத்தும் வேலை செய்கிறவன் கை விடியற்காலையில் இப்படித்தான் இருக்கும். வெந்நீரில் போட்டுத்தான் விரிப்போம். அவன் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்தினான். ஐயர் அவசரப்படவில்லை. கடைசியில் அந்தக் கோணல் உள்ளங்கையில் அப்பத்தை வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார்.

அவன் அதை வாயில் வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். ஐயர் வரிசை முடியப் போய், ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்ப அவன் முன்னால் வந்துவிட்டார். அப்பம் இன்னும் கையிலேயே இருந்தது. நான் ஆண்கள் பக்கம் முன்பாயில் இருந்தேன். அவன் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"நான் ஒண்ணும் கொண்டாரல்லியே."

பரிபூரணம் திரும்பவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே, நடுவில் இருந்த இடத்தைத் தாண்டிச் சாய்ந்து முழங்கையால் அவன் விலாவில் இடித்தாள்.

"யாரும்தான் கொண்டாரல்ல. தின்னுலே."

ஐயர் பாத்திரத்தை ஏந்தியபடி நின்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, தாடி மறைத்திருந்தது. பால்துரை கையை வாய்க்குக் கொண்டுபோனான். மென்றான். தொண்டை ஏறி இறங்கியது. கன்னத்தில் கண்ணீர் கோடு கோடாக வழிந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

பரிபூரணத்தின் கையில் அவளுடைய அப்பமும் அதுவரை அப்படியே இருந்தது. அவன் விழுங்கிய பிறகுதான் அவள் தன்னுடையதை வாயில் வைத்தாள்.